தரையிலிருந்து எட்டும் வீடு

வீட்டுப் பராமரிப்பில் தரையை விட்டு ஏறித்தான் ஆக வேண்டும் என்றிருந்த வேலைகளை எல்லாம் முதலில் ஒரு தாளில் எழுதினேன். மின்விசிறியைத் துடைப்பது, மாடிப்படிக்கு மேல் தொங்கும் விளக்கு, பரணில் அடுக்கிய பெட்டிகள், திரைச்சீலைக் கம்பி, ஒட்டடை, படிக்கட்டு அறையின் கூரைமேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டி, வெளிச்சுவரில் வண்ணம் உரிந்த இடங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதற்காக ஏன் ஏறுகிறேன் என்று ஒரு வரி எழுதினேன். பிறகு பெரிதும் உதவியது அந்தக் காரண வரிதான். தொட்டிக்கு ஏறுவதில் பெரும்பகுதி, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதற்காகவே. அதற்கு ஒரு மனிதன் மேலே போக வேண்டியதே இல்லை.

எனக்கு 67 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தூரப் பார்வைக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸில் இடமுள்ள ப்ரோக்ரசிவ் லென்ஸ் கண்ணாடி அணிகிறேன். மற்றபடி உடம்பு திடமாகவே இருக்கிறது. கைவேலையில் இருக்கும் ஆசையும் குறையவில்லை. “கவனமாக ஏறினால் ஒன்றும் ஆகாது” என்று என் வயதுக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கவனத்தால் ஈடுகட்ட முடியாத இடங்களில்தான் வயது கைவைக்கிறது. 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவர் 0.64 நொடியில் தரையைத் தொட்டுவிடுவார். அப்போது அவர் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல். அந்த நேரத்துக்குள் கால் நழுவியதை உணர்ந்து, கையை நீட்டி, எதையாவது பற்றி, முழு எடையையும் தாங்க வேண்டும். இளைஞர்களே தவறவிடக்கூடிய காரியம் அது. எல்லா வகை விழுதல்களையும் சேர்த்து ஆண்டுக்கு 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அந்த இறப்புகள் அதிகம் நேர்வது 60 வயதைத் தாண்டியவர்களிடம்தான். ஆகவே எச்சரிக்கையைக் கூட்டுவதோடு நிறுத்தாமல், ஏற வேண்டிய தேவையையே வீட்டிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மாடிப்படி விளக்கில் தொடங்கினேன். வீட்டுக்குள் இருப்பவற்றில் ஆபத்து மிகுந்தது அதுதான். படிக்கட்டின்மேல் ஏணி வைத்தால் அதன் இரண்டு கால்கள் ஒரு மட்டத்திலும் மற்ற இரண்டு வேறு மட்டத்திலும் நிற்கும். பலகை வைத்து மட்டப்படுத்தினாலும், விழுந்தால் விழுவது தரையில் அல்ல, படிகளின் விளிம்புகளில். அந்த விளக்கை நீக்கிவிட்டு, படிகள் திரும்பும் இடத்துச் சுவரில், 2 மீட்டர் உயரத்தில் ஒரு சுவர் விளக்கைப் பொருத்தினோம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின்பணியாளர் வயரைச் சுவரோரக் குழாய்க்குள் கொண்டுவந்தார். சுவரில் துளை போட்டுத் திருகாணி முடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு காலும் சமதரையில் ஊன்றி நிற்கும்போது டிரில் பிடிப்பதில் எவ்வளவு நிதானம் வருகிறது என்பதை அன்று நன்றாக உணர்ந்தேன்.

எல்இடி பல்பு நீண்ட காலம் உழைக்கும், பிறகு ஏன் இந்த மாற்றம் என்று கேட்கலாம். 15,000 மணி நேரம் என்று உறையில் போட்டிருந்தால், தினம் 5 மணி நேரக் கணக்கில் அது எட்டு ஆண்டுகளுக்கு மேல் வர வேண்டும். ஆனால் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் வெப்பம் தேங்கி, பல்பின் உள்ளிருக்கும் மின்சுற்று முன்கூட்டியே கெட்டுவிடுகிறது. அதனால்தான் அடிப்பக்கம் திறந்த விளக்குக்கூடாக வாங்கினேன். எட்டு ஆண்டு கழித்து அதை மாற்ற வேண்டியவருக்கு 75 வயதாகியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்தேன்.

மின்விசிறிக்கும் ஒட்டடைக்கும் நீட்டிக்கொள்ளும் கம்பு போதும். இறக்கையின் இரு பக்கத்தையும் ஒரே இழுப்பில் துடைக்கும்படி வளைந்த தலை கொண்ட கம்புகள் கிடைக்கின்றன. ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. தலையை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தால் சிலருக்குத் தலை சுற்றும். உட்காதில் உள்ள நுண்ணிய சுண்ணத் துகள்கள் இடம் மாறுவதால் வரும் சுற்றல் அது. வயது ஏற ஏற இது அதிகம் பேருக்கு வருகிறது. தரையில் நிற்கும்போது வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். ஏணியில் வந்தால் பிடிப்பதற்கு ஏணி மட்டுமே இருக்கும், அதுவும் சுற்றுவது போலவே தோன்றும். ஓர் இறக்கையைத் துடைத்ததும் தலையைக் கீழே இறக்கிச் சிறிது நின்றுவிட்டு அடுத்ததைத் தொடுகிறேன்.

பரண் வேலையை மனைவியும் நானும் சேர்ந்து முடித்தோம். மகன் மேலிருந்து எடுத்துக் கொடுக்க, நாங்கள் கீழே பிரித்தோம். இரண்டு கைகளாலும் தூக்க வேண்டியது எதுவும் இனித் தோள் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது மனைவி வைத்த விதி. நல்ல விதி. ஏணியில் நிற்கும்போது இரண்டு கையும் பெட்டியில் இருந்தால், உடம்பைத் தாங்குவது இரண்டு பாதங்கள் மட்டுமே. பரணில் இப்போது இருப்பவை எடையில்லாத தலையணைகளும் போர்வைகளும்தான்.

தொட்டிதான் பெரிய வேலை. படிக்கட்டு அறையின் கூரை, மொட்டை மாடித் தரையிலிருந்து 2.6 மீட்டர் உயரம். அதன்மேல் தொட்டி. அங்கே ஏறுவதற்கு மூன்று காரணங்கள் இருந்தன: நீர்மட்டம் பார்ப்பது, மிதவை வால்வைச் சரிசெய்வது, தொட்டியைக் கழுவுவது.

நீர்மட்டத்துக்கு மிகப் பழைய வழியையே எடுத்துக்கொண்டேன். தொட்டியின் அடியிலிருந்து வெளியேறும் குழாயில் ‘T’ வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, அதிலிருந்து ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைத் தொட்டியின் பக்கவாட்டிலேயே மேலே கொண்டுபோனோம். தொட்டிக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்தில் குழாயிலும் நிற்கும். குழாயின் மேல்முனை திறந்திருக்க வேண்டும். தொட்டியின் நிரம்பிவழி குழாயைவிட அது உயரமாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி நிரம்பும்போது அதன் வழியே தண்ணீர் கொட்டும். உள்ளே சிவப்பு நிறச் சிறு மிதவை ஒன்று போட்டதால் மாடித் தரையில் நின்றே தெளிவாகத் தெரிகிறது. வீட்டில் குழாய் திறந்திருக்கும் நேரத்தில் மட்டம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தண்ணீர் ஓடும்போது வெளியேறும் குழாயில் அழுத்தம் குறைவதே காரணம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் பார்க்க வேண்டும். வெயில் படும் குழாய்க்குள் பாசி பிடிக்கும் என்பதால், பார்வைக்கு ஒரு கீற்று மட்டும் விட்டு மற்ற பகுதியைக் கறுப்பு உறையால் மூடினோம்.

மிதவை வால்வுக்கு மாற்றாக, தொட்டிக்குள் மிதவை சுவிட்ச் ஒன்றைத் தொங்கவிட்டு, நிரம்பியதும் மோட்டார் தானே நிற்கும்படி செய்தாயிற்று. தொட்டியைக் காலி செய்யும் வால்வை மாடித் தரை மட்டத்துக்கு இறக்கினோம். எஞ்சியிருப்பது கழுவும் வேலை மட்டுமே. அதை இனி நான் செய்யப்போவதில்லை; ஆனால் செய்கிறவர் பத்திரமாக ஏறி இறங்க வேண்டும் அல்லவா? ஏணி நிற்கும் இடத்தை நிரந்தரமாக அமைத்தது அதற்காகத்தான்.

சாய்த்து வைக்கும் ஏணிக்குக் கணக்கு எளியது. ஏணி சாயும் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு, அடிப்பக்கம் சுவரைவிட்டுத் தள்ளியிருக்க வேண்டும். ஏறக்குறைய 75 பாகைச் சாய்வு. 2.6 மீட்டருக்கு 65 சென்டிமீட்டர். அளவுகோல் இல்லாதபோது, ஏணியின் காலடியில் கால்விரல் படும்படி நிமிர்ந்து நின்று கைகளைத் தோள்மட்டத்தில் நேராக நீட்டினால், உள்ளங்கை படியில் போய்ப் பட வேண்டும். கூரைக்கு ஏறும் ஏணி, கூரை விளிம்பைத் தாண்டி 1 மீட்டராவது மேலே நீண்டிருக்க வேண்டும். இறங்குகிறவர் முதலில் தேடுவது பிடி. காலுக்குப் படி தேடுவது அதற்குப் பிறகுதான்.

மகன் கேட்டான்: “நான்தான் கீழே பிடித்துக்கொள்கிறேனே, அப்பா, ஏணியைக் கட்டக் கயிறு எதற்கு?” உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். 75 கிலோ எடையுள்ளவர் சரியான சாய்வில் உள்ள ஏணியின் அடியில் நிற்கும்போது, ஏணியின் காலை வெளிப்புறம் தள்ளும் விசை 2 கிலோ எடைக்குச் சமம். அவரே உச்சிக்கு அருகில் போனதும் அது 17 கிலோவாகிறது. சாய்வு 60 பாகையாகக் குறைந்துவிட்டால் 39 கிலோ. அதாவது, முதல் படியில் நின்று ஆட்டிப் பார்த்து “உறுதியாக இருக்கிறது” என்று முடிவு செய்வதில் பொருளில்லை. ஏணி வழுக்குவது ஆள் மேலே போன பிறகுதான். தரையில் கொஞ்சம் தூசியோ ஈரமோ இருந்தால் ரப்பர் காலின் பிடிப்பு அந்த விசைக்குப் போதாமல் போகலாம். பிடித்திருப்பவர் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார். கயிறு திரும்பிப் பார்ப்பதில்லை.

மாடித் தரையில் துளை போட்டுத் தடுப்பு வைக்க எனக்கு மனமில்லை. கூரையில் போடும் ஒவ்வொரு துளையும் ஒருநாள் கசிவாக மாறக்கூடும். ஆகவே தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில், கட்டடத்தின் கான்கிரீட் தூணில் 10 மில்லிமீட்டர் வளைய போல்ட்டை, துளைக்குள் விரிந்து பற்றும் ஆங்கரோடு இறக்கினேன். செங்கல்லிலும் பூச்சிலும் இது நிற்காது, கான்கிரீட்டே வேண்டும். துளை போட்டபின் உள்ளே தங்கும் தூளை ஊதியும் தூரிகையால் துடைத்தும் முழுவதும் வெளியேற்றினேன். தூள் இருந்தால் ஆங்கர் விரிந்தாலும் பற்றாது. ஏணியின் கீழ்ப்படியை அந்த வளையத்தோடு கயிற்றால் இழுத்துக் கட்டினால் கால் வெளியே வழுக்க வழியில்லை. இந்த முடிச்சைத் தரையில் நின்றே போட முடிகிறது என்பது இதன் பெரிய நன்மை. ஏணியின் தலையைக் கட்டுவதில் உள்ள சிக்கல் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அதைக் கட்டுவதற்கே ஒருவர் கட்டாத ஏணியில் ஏறியாக வேண்டும். சாரம் கட்டி வேலை செய்த வெல்டரிடம் சொல்லி, கூரை விளிம்பில் ஏணியின் இரு பக்கச் சட்டங்களும் வந்து உட்காரும் கொக்கிகளையும், அவற்றின் இருபுறமும் 1 மீட்டர் உயரப் பிடிகம்பிகளையும் பொருத்தினேன். ஏணி இப்போது பக்கவாட்டில் நகராது. ஏணியிலிருந்து கூரைக்குக் கால் மாற்றும் அந்த ஓர் அடிதான் முழு ஏற்றத்திலும் மோசமானது. அங்கே இரண்டு கைக்கும் இரும்பு கிடைக்கிறது.

அந்த வளையமும் கொக்கிகளும் ஏணியைப் பிடிப்பதற்கு மட்டுமே. விழும் மனிதனைத் தாங்கும் நங்கூரம் வேறு வகை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகள் ஒரு நபருக்கு 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ தாங்கும் பிடிமானம் கேட்கின்றன. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். முழுவுடல் பெல்ட்டோடு வரும் 1.8 மீட்டர்க் கயிறும் அதிர்ச்சி தாங்கியும் விரிந்து ஆளை நிறுத்துவதற்குள் கீழே 5 மீட்டருக்கும் மேல் வெற்றிடம் தேவைப்படலாம். ஒரு மாடி உயரத்தில், கயிறு இழுபடுமுன் தரை வந்துவிடும். வீட்டுக் கூரைக்குப் பொருத்தமானது, விளிம்பை எட்டவே விடாத அளவுக்குக் குட்டையான கயிறு. அதைவிடச் சிறந்தது கைப்பிடிச் சுவர். எங்கள் மாடிச் சுவர் முழங்காலுக்குச் சற்று மேல் வரைதான் இருந்தது; அதன்மேல் கம்பி வைத்து 1.1 மீட்டருக்கு உயர்த்தினோம்.

வீட்டுக்குள் எஞ்சிய சின்னச் சின்ன ஏற்றங்களுக்கு நாற்காலியும் முக்காலியும் இனி இல்லை. அகலப் படிகளும் இடுப்புயரக் கைப்பிடியும் உள்ள இரண்டு படி மேடை ஒன்று இருக்கிறது. 150 கிலோ தாங்கும் தரம். ஆள், உடை, கருவி எல்லாம் சேர்த்து அந்த எடை. அலுமினிய ஏணியின் கடைசிப் படியில் மஞ்சள் ஒட்டுநாடா சுற்றினேன். தரை வந்துவிட்டதாக நினைத்து ஒரு படி மீதமிருக்கும்போதே காலை எடுத்துவிடுவது, இறங்கும்போது அடிக்கடி நேர்கிறது. மரஏணிக்கு மட்டும் வண்ணம் பூசக் கூடாது; வண்ணத்துக்கு அடியில் விரிசல் மறைந்துவிடும். அலுமினிய ஏணியைத் தூக்கிச் செல்லும்போது மேலே போகும் மின்கம்பியிலிருந்து 3 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும்.

உடம்பைப் பற்றிய பகுதிக்கு வருகிறேன். வீட்டில் இருக்கும் ரத்த அழுத்தக் கருவியால் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஐந்து நிமிடம் படுத்திருந்து அளவெடுத்து, எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மீண்டும் எடுக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும் தன்மை இருக்கிறது என்று பொருள். குனிந்து கருவி எடுத்து நிமிரும் ஒவ்வொரு முறையும் கண் இருட்டக்கூடும். ரத்த அழுத்த மாத்திரைகளும், புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் இதைக் கூட்டும்; வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் முதியவர்களுக்கு அழுத்தம் இறங்குவது உண்டு. மாத்திரையை நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது. மருத்துவரிடம் “நான் ஏணி ஏறுகிறவன்” என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். அந்த ஒரு தகவல் பேச்சின் போக்கையே மாற்றியது.

கண்ணாடி இன்னொன்று. ப்ரோக்ரசிவ் லென்ஸின் கீழ்ப்பகுதி, கையில் பிடித்த புத்தகத்தைப் படிப்பதற்கானது. அதன் வழியாகக் காலுக்குக் கீழே இருக்கும் படியைப் பார்த்தால் கலங்கலாகத் தெரியும், இருக்கும் இடமும் சற்று விலகித் தோன்றும். தூரப் பார்வைக்கு மட்டுமான ஒரு கண்ணாடியைச் செய்து, அதை ஏணியிலேயே ஒரு பையில் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஒற்றைக் காலில் 10 நொடி நிற்பது எளிய சமநிலைச் சோதனை. 2022-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் வந்த ஆய்வில், 51 முதல் 55 வயதுள்ளவர்களில் சுமார் 5 விழுக்காட்டினரால் அது முடியவில்லை. 71 முதல் 75 வயதுள்ளவர்களிடம் அது சுமார் 54 விழுக்காடு. இருபது ஆண்டுகளில் எவ்வளவு பெரிய சரிவு! சமையலறை மேடையைத் தொட்டபடி தினமும் இதைப் பழகுகிறேன். இதில் தவறினால் அன்று இரண்டு படி மேடையில்கூட ஏறுவதில்லை.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வயதில் மூளை சற்றுச் சுருங்குவதால் அதன்மேல் உள்ள சிறு ரத்தக் குழாய்கள் எளிதில் கிழியும். கசிவு மெதுவாகச் சேர்ந்து, நாட்களோ வாரங்களோ கழித்துத்தான் தெரியவரும். அவர்கள் ஏறவே கூடாது என்பது என் கருத்து.

கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு வேலை செய்யும் பழக்கத்தையும் மாற்றினேன். அது சட்டைப்பையில் அல்ல, பொத்தான் போட்ட கால்சட்டைப் பையில் இருக்கிறது. விழுந்த அடியைவிட, எழ முடியாமல் மணிக்கணக்கில் கிடப்பது சில சமயம் அதிகக் கேடு செய்கிறது. அழுந்திய தசைகள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

வேலையை மற்றவரிடம் ஒப்படைப்பதிலும் பொறுப்பு இருக்கிறது. வெறும் செருப்போடு, கயிறு இல்லாமல், என் ஆபத்தை ஓர் இளைஞர் ஏற்றுக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. வருகிறவரிடம் முதலில் ஏணி கட்டும் இடத்தைக் காட்டுகிறேன். ஈரமான நாளில் வேலையைத் தள்ளிப்போடச் சொல்கிறேன். அவர் கீழே இறங்கும்வரை நான் மாடியில் இருக்கிறேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரைத்தகடும் பழைய சிமெண்ட் தகடும் ஆள் எடையைத் தாங்கா என்பதையும், யாராக இருந்தாலும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வெளிச்சுவரில் வண்ணம் உரிந்த இடங்களை இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன். சுவருக்கு முழுவதும் வண்ணம் பூசும்போது எப்படியும் சாரம் வரும். அப்போது அதையும் சேர்த்து முடிக்கலாம்.

தொட்டியை மாற்றும் காலம் வரும்போது அதைப் படிக்கட்டு அறையின் மேல் வைக்காமல், மாடித் தரையிலேயே குட்டையான மேடைமேல் வைக்க வேண்டும். தண்ணீர் 1 மீட்டர் இறங்கினால் சுமார் 0.1 பார் அழுத்தம் குறையும். 60 சென்டிமீட்டர் மேடை என்றால் தொட்டி 2 மீட்டர் இறங்கும், 0.2 பார் போகும். தரைத்தளக் குழாய்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. மேல் மாடிக் குளியலறைக்குச் சிறு அழுத்த மோட்டார் ஒன்று தேவைப்படும். குழாய்களின் விட்டத்தையும் வால்வு இருக்கும் இடங்களையும் வரைந்து, மின்பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறேன். மகனுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.